அஞ்சே முக்காலுக்கு இருட்டுது

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் ரிப்பீட்டையும் குறைச்சிருக்கோம்.)

 

வழக்கமா இங்க வேலை, டெக், சம்பளம், மேனேஜர்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வேற. இன்னைக்கு சூரியன் எத்தனை மணிக்கு மறையுதுங்கறதப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. பெங்களூர்ல எட்டாவது மாடி ஆபீஸ்ல இருந்தப்போ சூரியன் எப்ப மறையுதுன்னு எனக்கும் தெரியாது. லைட் போட்டிருப்பாங்க, ஏசி ஓடும், வெளிய வந்தா ராத்திரி. அவ்வளவுதான். ஒரு குளிர்காலம் முழுக்க ஊர்ல இருந்தப்போதான் அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிஞ்சது. அதுவும் நானா புரிஞ்சுக்கல. அம்மா புரிய வெச்சாங்க.

நான் ஊருக்குப் போன கதை

2023 அக்டோபர். எங்க ஆயா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சுடுச்சு. நம்ம ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துல பாட்டிய ஆயான்னுதான் கூப்பிடுவோம், சென்னைக்காரங்க குழம்ப வேணாம். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டாங்க, ஆனா பகல்ல யாராவது கூட இருந்தே ஆகணும். அம்மா ஷூ கம்பெனில வேலை செய்றாங்க. அப்பர் தையல். பதினெட்டு வருஷமா. அவங்களால நாலு மாசம் லீவு போட முடியாது, போட்டா வேலை இருக்காது. எனக்கு ரிமோட் வேலை. அதனால நான் கிளம்பினேன்.

எங்க ஊர் ஆலங்காயம் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்துல. பேரு சொல்லல, சின்ன ஊரு, சொன்னா எல்லாரையும் தெரிஞ்சுடும். மெயின் ரோட்டுல இருந்து உள்ள கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர். பஸ் உள்ள வராது. பக்கத்துல ஏடிஎம் கிடையாது. மொபைல் சிக்னல் மொட்டை மாடில வரும், கீழ இறங்கினா போயிடும். வாணியம்பாடி ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து பார்த்தா பெரிய தூரம் இல்ல. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு மேல அங்க இருந்து வெளிய வரணும்னா சொந்த வண்டி வேணும். என் அகராதில அது ரிமோட் இடம்தான்.

என் ஷிப்ட் மதியம் ரெண்டுல இருந்து ராத்திரி பதினொன்னு. டீம் அமெரிக்கால. வேலை முடிஞ்சு, போனை நோண்டி, தூங்க ரெண்டு மணி ஆகும். எழுந்திருக்க பத்து. எழுந்து ஆயாவுக்கு வேணுங்கறதப் பார்த்துட்டு, சாப்பிட்டுட்டு, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ரூம்ல ஒரே ஒரு சின்ன ஜன்னலுக்குப் பக்கத்துல உட்கார்ந்தா, தலை நிமிரும்போது வெளிய இருட்டா இருக்கும்.

நவம்பர் நடுவுல எனக்கு என்னமோ ஆச்சு. பத்து மணி நேரம் தூங்கினாலும் தூக்கம் பத்தல. ஃப்ரெண்ட்ஸ் போன எடுக்கல. கோடு ரிவ்யூல ஒரு ஜூனியர் பையன்கிட்ட தேவையே இல்லாம எரிஞ்சு விழுந்தேன். ஆயா தண்ணி கேட்டா கூட "இரு ஆயா"ன்னு கத்துறேன். அப்புறம் குற்ற உணர்ச்சி. அப்புறம் மறுபடி அதே.

கூகுள் சொன்னது, கணக்கு சொன்னது

நம்ம இன்ஜினியர் புத்தி என்ன பண்ணும்? தேடும். தேடினா நார்வேல ட்ரோம்ஸோன்னு ஒரு ஊர் வருது. அங்க நவம்பர் கடைசில இருந்து ஜனவரி நடு வரைக்கும் சூரியன் அடிவானத்துக்கு மேல வரவே வராது. அதுக்கும் மேல அண்டார்டிகா. அங்க நம்ம இந்தியாவோட மைத்ரி, பாரதின்னு ரெண்டு ஆய்வு நிலையம் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஒரு சின்ன குழு அங்கயே குளிர்காலத்தக் கழிக்குது. அங்க குளிர்காலம்னா நம்ம ஜூன், ஜூலை. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் சூரியனே இல்லாம இருக்காங்க. இஸ்ரோல இருந்து போன மங்களா மணின்னு ஒரு விஞ்ஞானி, ஐம்பது வயசுக்கு மேல, பாரதி நிலையத்துல ஒரு வருஷத்துக்கு மேல தங்கிட்டு 2017 டிசம்பர்ல திரும்பினாங்க. 403 நாள்.

குளிர்காலத்துல வெளிச்சம் குறையும்போது வர்ற மனச்சோர்வுக்கு 1984ல நார்மன் ரோசந்தால்னு ஒரு டாக்டரும் அவரோட குழுவும் ஒரு பேரே கொடுத்திருக்காங்க. பருவகால மனச்சோர்வுன்னு சொல்லலாம். படிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம். ஆஹா, எனக்கு வந்திருக்கிறது இதுதான்!

அப்புறம் கணக்கு போட்டுப் பார்த்தேன். நம்ம ஊர் பூமத்திய ரேகைல இருந்து வெறும் பன்னிரண்டரை டிகிரி வடக்கு. ஜூன் 21 அன்னைக்கு நமக்குப் பகல் 12 மணி 52 நிமிஷம். டிசம்பர் 21 அன்னைக்கு 11 மணி 23 நிமிஷம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான்! ட்ரோம்ஸோக்காரன் கேட்டா என்ன நினைப்பான்?

அப்போ என் பிரச்சனை என்ன? ஒரு நாள் முழுக்க எவ்வளவு நேரம் வெளில இருந்தேன்னு எழுதி வெச்சேன். நாற்பது நிமிஷம் கூட வரல. அதுலயும் வடகிழக்குப் பருவமழை மேகம். டிசம்பர் முதல் வாரத்துல மிக்ஜாம் புயல் வேற. அதாவது சூரியன் பதினோரு மணி நேரத்துக்கு மேல வந்துட்டுப் போகுது, நான்தான் வீட்ல இல்லாதவன் மாதிரி கதவ சாத்திட்டு உட்கார்ந்திருக்கேன். ட்ரோம்ஸோக்காரனுக்கு இயற்கை செஞ்சத, நான் எனக்கே செஞ்சுக்கிட்டேன். ஷிப்ட், ஜன்னல், போன், எல்லாம் சேர்த்து.

கணக்கு போடும்போது இன்னொன்னும் கிடைச்சது. நம்ம எல்லாரும் என்ன நினைக்கிறோம்? டிசம்பர் 21 சின்னப் பகல், அதனால அன்னைக்குத்தான் சீக்கிரம் இருட்டும். தப்பு! நம்ம ஊர்ல சூரியன் ரொம்ப சீக்கிரம் மறையறது நவம்பர் மூணாவது வாரம். 5.47 வாக்குல. டிசம்பர் 21க்குள்ள அது 5.55 ஆகிடும். அதே மாதிரி ரொம்ப லேட்டா விடியறது டிசம்பர்ல இல்ல, ஜனவரி கடைசி வாரம். 6.40.

காரணம், நம்ம கடிகாரம் ஒழுங்கா ஓடுது, சூரியன் அப்படி ஓடறதில்ல. பூமியோட அச்சு சாய்ஞ்சிருக்கு, பாதையும் முழு வட்டம் இல்ல. அதனால சூரியன் உச்சிக்கு வர்ற நேரம் வருஷம் முழுக்க முன்ன பின்ன நகருது. எங்க ஊர்ல நவம்பர் 20 வாக்குல 12.01க்கு உச்சி. ஜனவரி கடைசில 12.27. பகலோட நீளம் ஒரு பக்கம் மாறுது, பகல் மொத்தமா ஒரு பக்கம் நகருது. ரெண்டும் சேர்ந்து நவம்பர்ல சாயங்காலத்தத் திருடுது, ஜனவரில காலையத் திருடுது.

இத கண்டுபிடிச்ச பெருமைல ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். "அம்மா, தெரியுமா, நம்ம ஊர்ல சீக்கிரம் இருட்டறது டிசம்பர்ல இல்ல, நவம்பர்ல."

அம்மா சோத்துல ரசம் ஊத்திகினே சொன்னாங்க. "இத கண்டுபுடிக்கவாடா இன்ஜினியரிங் படிச்ச? தீபாவளி போனஸ் வாங்கின அடுத்த வாரத்துல இருந்து ரோட்டு மேல இருட்டுல எறங்கறேன். பதினெட்டு வருசமா எறங்கறேன்."

ஆயாவோட வைத்தியம்

அம்மா சொன்னத அப்போ நான் காதுல வாங்கல. அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ஆயா.

ஆயா என்ன பார்த்துட்டே இருந்திருக்காங்க. ஒரு நாள் காலைல வாக்கர சுவத்துல தட்டித் தட்டி என்ன எழுப்பிட்டாங்க. மணி ஆறே முக்கால். "எந்திரிடா. என்ன கொண்டுபோய் வாசல்ல உக்கார வை. வெயில் காயணும். நீயும் உக்காரு." நான் தூங்கி நாலரை மணி நேரம்தான் ஆகுது ஆயான்னேன். "நைட்டெல்லாம் அந்தப் பொட்டிய பாத்துகினு இருந்தா அப்பிடித்தான்" னாங்க.

அன்னைல இருந்து தினமும் அரை மணி நேரம். அவங்க கயித்துக் கட்டில்ல, நான் திண்ணைல. ஆயா பழைய கதை சொல்வாங்க. அவங்க சின்ன வயசுல மலைல இருந்து கடுக்காய் மூட்டை இறங்குமாம். அது ஆம்பூர், வாணியம்பாடி டேனரிக்குப் போகும். அப்போ தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். குரோம் முறை பரவினதுக்கு அப்புறம் அந்த வியாபாரம் சுருங்கிடுச்சு. நாம ஆம்பூர்னா பிரியாணிய நினைக்கிறோம், ஷூவ நினைக்கிறோம். அந்தத் தோலுக்கு மலைல இருந்து காய் போச்சுன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். மூட்டையத் தூக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணுமாம். மணி பார்க்க வாட்ச் இல்ல. "ஆறாமீன் எங்க கீதுன்னு பாத்து எந்திரிப்போம்" னாங்க. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்ததான் அப்படி சொல்றாங்க.

பத்து நாள்ல எனக்கு வித்தியாசம் தெரிஞ்சது. இதுல மாயம் எதுவும் இல்ல. நம்ம மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு, அத தினமும் செட் பண்றது கண்ணுக்குள்ள போற வெளிச்சம்தான். முக்கியமா காலை வெளிச்சம். வீட்டுக்குள்ள ட்யூப் லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வெளில மேகமா இருந்தாலும் பல ஆயிரம். நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், உடம்புக்கு ஒரே மாதிரி இல்ல. பனிரெண்டரைக்குத் தானா தூக்கம் வந்தது. அந்த ஜூனியர் பையன்கிட்ட சாரி சொன்னேன்.

ஒன்னு தெளிவா சொல்லிடறேன். இது எனக்கு வேலை செஞ்சது. ரெண்டு வாரத்துக்கு மேல மனசு சரியில்ல, வாழப் பிடிக்கலன்னு தோணுதுன்னா திண்ணைல உட்காராதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

காவலூர்

தூக்கம் சரியானதும் இருட்டு மேல இருந்த பயமும் போச்சு. டிசம்பர் 14 ராத்திரி ஜெமினிட் எரிகல் பொழிவு. அமாவாசை முடிஞ்சு ரெண்டாவது நாள், நிலா தொல்லை இல்ல. வேலை முடிஞ்சு மொட்டை மாடில படுத்தேன். மேகத்துக்கு நடுவுல கிடைச்ச இடைவெளில ஒரு மணி நேரத்துல இருபத்தி மூணு எண்ணினேன். பெங்களூர்ல வருஷத்துக்கு ஒன்னு பார்த்ததில்ல.

பொங்கல் முடிஞ்ச சனிக்கிழமை காவலூர் போனேன். எங்க ஊர்ல இருந்து பைக்ல போற தூரம்தான், ஆனா அதுவரைக்கும் போனதில்ல. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி கூட்டிட்டுப் போகவே இல்ல. வைணு பாப்பு வானாய்வகம். கடல் மட்டத்துல இருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுத்தி காடு.

வைணு பாப்பு பத்தி ரெண்டு நிமிஷம். 1927ல சென்னைல பிறந்தவர். 1949ல ஹார்வர்ட்ல மாணவரா இருந்தப்பவே ஒரு வால்நட்சத்திரத்தக் கண்டுபிடிச்சு, அது அவர் பேரையும் சேர்த்து பாப்பு-பாக்-நியூகிர்க்னு ஆச்சு. 1960ல கொடைக்கானல் ஆய்வகத்துக்கு இயக்குநர். கொடைக்கானல் சூரியனப் பார்க்க நல்ல இடம். ராத்திரி நட்சத்திரத்தப் பார்க்க வேற இடம் வேணும்னு தேடித் தேடி ஜவ்வாது மலைல காவலூரப் பிடிச்சார். நல்ல இருட்டு, நகரத்து வெளிச்சம் தொடாத இடம், தெற்கு வானமும் நிறைய தெரியும். 1968ல கொடைக்கானல் பட்டறைல செஞ்ச 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோட ஆரம்பம். 1972ல ஜெர்மனி ஜெனால இருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

வந்த வருஷமே, வியாழனோட நிலாவான கானிமீட் ஒரு நட்சத்திரத்த மறைச்சத இங்க இருந்து பதிவு பண்ணாங்க, அதுக்கு வளிமண்டலம் இருக்கலாம்னு அறிகுறி கிடைச்சது. 1977 மார்ச் 10 ராத்திரி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்த மறைக்கறதப் பார்க்க உட்கார்ந்தாங்க. கிரகம் வந்து மறைக்கறதுக்கு முன்னாடியே வெளிச்சம் குறைஞ்சு திரும்பி வந்தது. அதே நேரத்துல இந்தியப் பெருங்கடல் மேல விமானத்துல பறந்துகிட்டிருந்த அமெரிக்கக் குழுவும் அதையே பார்த்தது. யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது இப்படித்தான். 1988ல இங்க கண்டுபிடிச்ச ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன்னு பேரு. 1986 ஜனவரில 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்தாங்க. இந்தியாலயே செஞ்சது. அதுக்கு பாப்பு கனவு கண்டார், பார்க்க அவர் இல்ல. 1982லயே இறந்துட்டார். தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பேரு வெச்சாங்க.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். அங்க வேலை செய்றவங்களுக்கு டிசம்பர், ஜனவரி ராத்திரிங்கறது அறுவடை. நம்ம எல்லாரும் "ஐயோ சீக்கிரம் இருட்டுது"ன்னா, அவங்களுக்கு வேலை நேரம் கூடுது. நல்ல கும்மிருட்டு ஜூன்ல எட்டரை மணி நேரம்னா டிசம்பர்ல பத்து மணி நேரம். ஆனா அதுலயும் ஒரு கொடுமை. நவம்பர்ல ராத்திரி நீளமா இருக்கும், வானம் முழுக்க மேகம் இருக்கும். டிசம்பர் கடைசிக்கு மேலதான் திறக்கும். ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் நல்ல காலம்.

அங்க ஒரு சின்ன தொலைநோக்கில வியாழன் காட்டினாங்க. பக்கத்துல நாலு புள்ளி. அதுல ஒன்னு கானிமீட். ஐம்பது வருஷம் முன்னாடி இதே மலைல இருந்து பார்த்த அதே புள்ளி. எனக்குப் பின்னாடி வரிசைல ஒரு சின்னப் பொண்ணு "அண்ணா, சீக்கிரம்" னு முதுகுல குத்திக்கிட்டே இருந்தா, இல்லன்னா நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

அங்க நின்னு வடக்கப் பார்த்தா அடிவானத்துல ஆரஞ்சு கலர்ல ஒரு மங்கல். கீழ இருக்கற ஊர்களோட வெளிச்சம். ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம். பாப்பு வந்தப்போ இது இவ்வளவு இருந்திருக்காது. எனக்குக் கோவம் வந்தது. எதுக்கு இவ்வளவு லைட்டுன்னு.

சண்டை

அந்தக் கோவத்தோடதான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் ஞாயித்துக்கிழமை. வீட்ல அஞ்சாறு பொம்பளைங்க உட்கார்ந்திருக்காங்க. எல்லாம் அம்மாவோட கம்பெனி வண்டில போறவங்க. ஜனவரி 26 கிராம சபைக்கு ஒரு மனு எழுதணுமாம். மெயின் ரோட்டு ஸ்டாப்புல ஒரு ஹைமாஸ்ட் லைட்டும், ஊருக்கு வர்ற வழியெல்லாம் எல்.இ.டி. லைட்டும் வேணும்னு. "நீதான் எழுதித் தரணும் தம்பி" னு ஒரு அக்கா பேப்பர நீட்டினாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இப்ப நினைச்சாலும் கூசுது. "ஹைமாஸ்ட் போட்டா இங்க நட்சத்திரமே தெரியாதுக்கா. காவலூருக்கும் பிரச்சனை. இருட்டும் ஒரு வளம்தான். போன்ல டார்ச் இருக்கு இல்ல?"

யாரும் பேசல. அந்த அக்கா பேப்பர மடிச்சு இடுப்புல சொருகிகிட்டாங்க. எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. அம்மா பாத்திரம் கழுவிகினு இருந்தாங்க. திரும்பாமயே சொன்னாங்க. "நீ நட்சத்திரத்துக்கு மேல பாக்கற. நான் பாம்பு கீதான்னு கீழ பாத்து நடக்கறேன்டா. நாய் வருதான்னு பின்னால பாத்து நடக்கறேன். பைக்ல எவன் ஸ்லோ பண்றான்னு பக்கத்துல பாத்து நடக்கறேன். மேல பாக்க எனக்கு எங்க நேரம்?"

அப்புறம் இன்னொன்னு சொன்னாங்க. பக்கத்துத் தெருப் பொண்ணு, இருபது வயசு. பிளஸ் டூ முடிச்சு அம்மா கூடவே கம்பெனில சேர்ந்தா. வேலை நல்லா வந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி நவம்பர்ல ஒரு நாள், அம்மாவுக்கு ஓவர்டைம், அவ தனியா இறங்கி நடந்து வர்றா. ரெண்டு பசங்க பைக்ல கல்வெர்ட் வரைக்கும் பின்னாடியே வந்திருக்கானுங்க. ஒன்னும் பண்ணல. பின்னாடியே வந்தானுங்க, அவ்வளவுதான். வீட்ல விஷயம் தெரிஞ்சது. அடுத்த நாள்ல இருந்து வேலைக்கு அனுப்பல. அடுத்த ஆவணில கல்யாணம்.

அன்னைக்கு ராத்திரி என் ஷீட்ட திரும்ப எடுத்தேன். அம்மா வண்டி கம்பெனில இருந்து 5.30க்குக் கிளம்பும், எங்க ஸ்டாப்புக்கு 6.40. ஜூன்ல எங்க ஊர்ல சூரியன் மறையறது 6.43. அதாவது இறங்கும்போது வெளிச்சம் இருக்கும், வீட்டுக்கு வர்ற வரைக்கும் தாங்கும். நவம்பர்ல 5.47. இறங்கும்போது சூரியன் போய் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கும்மிருட்டு. ஜனவரில சாயங்காலம் கொஞ்சம் பரவால்ல, ஆனா காலைல 6.20க்கு வீட்ட விட்டுக் கிளம்பணும், சூரியன் வர்றது 6.40.

"வெறும் ஒன்றரை மணி நேரம்தானே வித்தியாசம்" னு ட்ரோம்ஸோவ நினைச்சு சிரிச்சேன் இல்ல? அந்தப் பொண்ணோட வேலை அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்ளதான் போச்சு. கம்பெனி மணி வருஷம் முழுக்க மாறாது. சூரியன் மாறும். நடுவுல இருக்கற ரெண்டு கிலோமீட்டர அவங்கதான் நடக்கணும்.

திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டுட்டு ஸ்டாப்புக்குப் போனேன். அம்மா இறங்கினாங்க. கூட நாலு பேர். போன் டார்ச் போடாம நடந்து பார்க்கலாம்னேன். "கொழுப்புடா உனக்கு" ன்னாங்க, ஆனா ஒத்துகிட்டாங்க. அன்னைக்கு வளர்பிறை, நல்ல நிலா. அதுலயும் கல்வெர்ட் தாண்டி புளியமரம் ரெண்டு பக்கமும் வர்ற இடத்துல என் கால் எனக்குத் தெரியல. பின்னாடி ஏதோ வண்டி சத்தம். நாங்க அஞ்சாறு பேர், அதுல நான் ஆறடி ஆம்பள. அப்படியும் அந்த வண்டி தாண்டிப் போற வரைக்கும் மூச்ச பிடிச்சுகிட்டு நடந்தேன். அம்மாவும் மத்தவங்களும் அந்த சத்தம் கேட்டதும் தானா ரோட்டோரமா ஒன்னு சேர்ந்தாங்க. யாரும் யாருக்கும் சொல்லல. பழக்கம்.

மனு

மனு நான்தான் எழுதினேன். அந்த அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டுட்டு.

ஆனா எழுதும்போது ஒன்னு யோசிச்சேன். ஹைமாஸ்ட்டுக்கும் இருட்டுக்கும் நடுவுல வேற வழியே இல்லையா? லடாக்ல ஹான்லேன்னு ஒரு இடம். கிட்டத்தட்ட 4,500 மீட்டர் உயரம். காவலூர நடத்துற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் அங்கயும் தொலைநோக்கி வெச்சிருக்கு. 2 மீட்டர் தொலைநோக்கிய பெங்களூர் பக்கத்துல ஹொசகோட்டேல உட்கார்ந்துகிட்டு சேட்டிலைட் வழியா இயக்கறாங்க. உண்மையான ரிமோட் வேலைன்னா அதுதான். அந்தப் பகுதிய 2022ல இருண்ட வானக் காப்பகமா அறிவிச்சாங்க. அங்க கிராமங்கள் இருக்கு, மனுஷங்க இருக்காங்க. யாரையும் இருட்டுல உட்காரச் சொல்லல. விளக்குக்கு மேல மூடி, வெளிச்சம் கீழ மட்டும், வெள்ளைக்குப் பதிலா மஞ்சள், ஜன்னலுக்குத் திரை. அவ்வளவுதான்.

யோசிச்சுப் பாருங்க, மேல போற வெளிச்சம் அம்மாவுக்கும் உதவாது, காவலூருக்கும் உதவாது. அது வீணாப் போற கரண்ட். ஹைமாஸ்ட் ஒரே இடத்துல பளிச்சுன்னு அடிச்சா, அதத் தாண்டினதும் கண்ணு கூசி இன்னும் இருட்டாதான் தெரியும். இத பொம்பளைங்ககிட்ட சொன்னதும் அந்த அக்காவே, "ஆமா தம்பி, டோல்கேட்டு தாண்டினா அப்பிடித்தான் இருக்கும்" னாங்க. எங்க எங்க லைட்டு வேணும்னு அவங்களே நடந்து காட்டினாங்க. நான் போன்ல குறிச்சேன். ஒன்பது இடம். ஒன்பது சின்ன விளக்கு, மூடி போட்டது, கீழ பார்க்கறது, மஞ்சள் வெளிச்சம். காலைலயும் சாயங்காலமும் எந்த நேரத்துக்குக் கண்டிப்பா எரியணும்னு மாசவாரியா என் ஷீட்ட இணைச்சேன். அது மட்டும் கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கறேன்.

கிராம சபைல அம்மா எழுந்து படிச்சாங்க. நான் பின்னாடி நின்னேன். பதினெட்டு வருஷத்துல அம்மா மைக் பிடிச்சு நான் பார்த்ததில்ல. கை நடுங்கிச்சு, ஆனா கடைசி வரி வரைக்கும் படிச்சாங்க.

என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஏப்ரல் மாசம் நாலு விளக்கு வந்தது. வெயில் காலம், ஆறே முக்கால் வரைக்கும் வெளிச்சம் இருக்கற மாசம்! மஞ்சள் இல்ல, வெள்ளை. மூடி இல்ல. மூடி மட்டும் ஆலங்காயத்துல ஒரு வெல்டிங் கடைல தகரத்துல அடிச்சு வாங்கி, லைன்மேன் அண்ணன் கையக் காலப் பிடிச்சு மாட்டினோம். மீதி அஞ்சு இன்னும் வரல. கல்வெர்ட்ல இருந்து புளியமரம் வரைக்கும் இன்னும் இருட்டுதான். மறுபடி மனு கொடுத்திருக்கோம். அந்தப் பொண்ணு வேலைக்குத் திரும்பல. அவளுக்கு இப்போ கைக்குழந்தை.

ஆயா வாக்கர் இல்லாம நடக்கறாங்க. நான் பெங்களூருக்கு வந்துட்டேன். ஆனா நவம்பர் மட்டும் ஊர்ல இருந்து வேலை செய்றேன்னு ஆபீஸ்ல சொல்லி வாங்கியிருக்கேன். சாயங்காலம் 6.30க்கு என் காலண்டர்ல ஒரு மணி நேரம் பிளாக் பண்ணியிருக்கும். டீம்ல கேட்டா "பிக்கப்" னு சொல்லுவேன். அம்மா கூட நாலஞ்சு பேர் வருவாங்க, மொத்தமா நடப்போம். நாலாவது விளக்கு முடியற இடத்துல ஒரு நிமிஷம் நிப்போம், கண்ணு பழகறதுக்கு. போன வருஷம் அங்க நின்னப்போ அம்மா முதல் தடவையா மேல பார்த்து, "டேய், ஆயா சொல்ற ஆறாமீனு எதுடா?" ன்னாங்க. கிழக்கால காட்டினேன். எண்ணிப் பார்த்துட்டு, "ஆறு எங்கடா கீது, அஞ்சுதான் தெரியுது" ன்னாங்க. கண்ணாடி பவர் மாத்தணும்மான்னேன்.

சரி மக்களே, உங்களுக்கு ஒரு சின்ன வேலை. இன்னைக்கு உங்க ஊர்ல சூரியன் எத்தனை மணிக்கு மறையுதுன்னு பாருங்க. உங்க வீட்ல, ஆபீஸ்ல, உங்க பில்டிங்ல வேலை பார்க்கற அக்காங்க எத்தனை மணிக்கு பஸ் இறங்கறாங்கன்னு கேளுங்க. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருட்டுன்னு பாருங்க. எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடறேன். காவலூர் போகணும்னா சனிக்கிழமைதான் பொதுமக்களுக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க வெப்சைட்ல பார்த்துக்கோங்க. சுவெட்டர் எடுத்துக்கோங்க. போற வழில ஹை பீம் போடாதீங்க, ரோட்டுல யாராவது நடந்து வருவாங்க.

அடுத்த வாரம் பார்ப்போம். வணக்கம்.